பழைய கற்சுவரில் ஆங்கர் அடிக்காதீர்கள்

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் பட்டறைக்கு வேலை கூடிவிடும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் தலைக்கு மேல் ஒரு தகரம் வேண்டும் என்று செங்கல்பட்டிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் கல்பாக்கம் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். மாட்டுக்கு ஒரு ஷெட், பைக் நிறுத்த ஒரு ஷெட், டிபன் கடைக்கு ஒரு ஷெட், கோயிலில் அன்னதானத்துக்கு ஒரு ஷெட். கேட்பதில் பெரும்பாலானவை சாய்ப்புதான். பின்னால் ஏற்கெனவே நிற்கிற சுவர், முன்னால் மட்டும் தூண், நடுவில் ஷீட். செலவும் குறைவு, இடமும் மிச்சம்.

திருக்கழுக்குன்றத்தில் வெல்டிங் பட்டறை வைத்து ஷெட் போட்டுக்கொடுப்பது என் தொழில். கான்கிரீட் பெல்ட் ஓடும் புதிய சுவர் என்றால் சாய்ப்பை அதில் தாராளமாகப் பிடிக்கலாம். ஆனால் பழைய கற்சுவர் என்றால் அதில் நான் ட்ரில் மெஷினை வைப்பதில்லை. “இவ்வளவு தடியான கல் சுவர் இருக்கும்போது பின்னாடி எதுக்கு அண்ணே தூண்? நாலு ஆங்கர் அடிச்சு விட்டுடுங்க” என்று கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். சாய்ப்பு சுவருக்குப் பக்கத்தில் நிற்கலாம். சுவரைப் பிடித்துத் தொங்கக் கூடாது. அதற்கான காரணங்களை விளக்கவே இந்தக் கட்டுரை.

எங்கள் பகுதியில் பழைய கற்சுவருக்குக் குறைவில்லை. கோயில் மதில், குளக்கரைச் சுவர், இடிந்த சத்திரம், தேரடித் தெருவின் பழைய வீட்டுக் கொல்லை என்று எங்கும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டடிக் கனம், மலைபோல நிற்கும். ஆனால் அது முழுக் கல் அல்ல. இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, நடுவில் கல் சில்லும் மண்ணும் சுண்ணாம்புக் காரையும் போட்டு நிரப்பிய வயிறு. ஒரு கல்லின் எடை கீழே இருக்கும் கல்லை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் சுவரை நிறுத்திவைத்திருக்கிறது. மேலிருந்து வரும் எடையை அது தாங்கும். பக்கவாட்டில் இழுத்தாலோ மேல்நோக்கித் தூக்கினாலோ தாங்காது. அப்படி ஒரு வேலையை அந்தச் சுவரிடம் கட்டியவர்கள் கேட்கவே இல்லை.

சாய்ப்பு அந்த வேலையைத்தான் கேட்கிறது. ஷெட் கூரை என்றால் எடை கீழே இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் கடற்கரையில் ஷெட்டுக்கு எதிரி எடை அல்ல, காற்று. அதுதான் முதல் காரணம். சாய்ப்பின் முன்பக்கம் திறந்திருக்கிறது, பின்பக்கம் சுவர் அடைத்திருக்கிறது. உள்ளே புகுந்த காற்று போக வழியில்லாமல் ஷீட்டைக் கீழிருந்து தள்ளுகிறது. கூரைக்கு மேலே ஓடும் காற்று ஷீட்டை மேலிருந்து உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து கூரையைத் தூக்குகின்றன.

இதை எண்ணிக்கையில் சொன்னால்தான் உறைக்கும். இருபதடி நீளம், பத்தடி அகலம் உள்ள ஒரு சாதாரண சாய்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட்டும் பைப்பும் சேர்ந்து சுமார் 250 கிலோ தேறும். மணிக்கு 80 கிலோமீட்டர் காற்றில் அந்தக் கூரையைத் தூக்கும் விசை தோராயமாக 550 கிலோ. அதாவது ஷெட்டின் எடையைவிட இரண்டு மடங்கு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. மணிக்கு 85 கிலோமீட்டர் வரை காற்று வீசும் என்றுதான் அப்போது எச்சரித்திருந்தார்கள். சென்னைப் பகுதியில் கட்டடங்களுக்கு எடுக்க வேண்டிய காற்றின் அடிப்படை வேகமாக இந்தியத் தர நிர்ணயம் வைத்திருப்பது விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அதே கூரையைத் தூக்கும் விசை கிட்டத்தட்ட 2,800 கிலோ. வேகம் இரண்டு மடங்கு ஏறினால் விசை நான்கு மடங்கு ஏறும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இந்த 2,800 கிலோ விசையில் பாதி முன்பக்கத் தூண்களுக்கு, பாதி சுவருக்கு. சுவரில் நாலு ஆங்கர் போல்ட் இருந்தால் ஒரு போல்ட்டுக்கு 350 கிலோ. அந்த போல்ட் பிடித்திருப்பது என்ன? சுவரின் மேற்பகுதியில் ஒரு கல். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், முக்கால் அடி உயரம் உள்ள கருங்கல்லின் எடை சுமார் 55 கிலோ. அதற்கு மேல் இன்னும் ஒன்றோ இரண்டோ வரிசைதான் இருக்கும். இடையில் இருக்கும் சுண்ணாம்பு எப்போதோ பொடிந்து போயிருக்கும். போல்ட் கல்லை எவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தாலும், அந்தக் கல்லைச் சுவர் பிடித்திருக்கவில்லை. பெரிய காற்றில் ஷெட் தனியாகப் போகாது, சுவரின் தலையையும் எடுத்துக்கொண்டு போகும். அந்தக் கல் கீழே இருப்பவர் தலையில் விழும்.

இரண்டாவது, துளை. புயல் வராத ஆண்டுகளிலும் சுவர் சும்மா இருப்பதில்லை. ட்ரில் மெஷின் தட்டித் தட்டித்தான் துளைக்கிறது. கருங்கல்லுக்கு அது பெரிய விஷயமில்லை. கல்லுக்கு நடுவில் இருக்கும் பழைய காரைக்கும் வயிற்றுக்குள் கிடக்கும் சில்லுக்கும் அது பெரிய விஷயம். துளை போடும்போது சுவரின் அடியில் கையை வைத்துப் பாருங்கள், பொடி உதிர்வது தெரியும். அடுத்து ஆங்கர் போல்ட். நட்டை முறுக்க முறுக்க அதன் உறை விரிந்து துளையின் பக்கங்களை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில்தான் அது பிடிக்கிறது. கல்லின் நடுவில் அடித்தால் ஒருவேளை தாங்கும். விளிம்புக்கு அருகில் அடித்தால் கல் விண்டுவிடும்.

இது எப்படி நடக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். மாமல்லபுரத்துப் பாறைகளின் மேல் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் இருக்கும். பாறையைப் பிளக்க வெட்டிய ஆப்புக் குழிகள் அவை. குழிக்குள் ஆப்பை இறக்கி நெருக்கம் கொடுத்தால் ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே விரிசல் ஓடி, யானை அளவுப் பாறையும் நேராகப் பிளந்துவிடும். சில பாறைகளில் குழி வெட்டியதோடு வேலை நின்றிருக்கிறது. சிலவற்றில் பாதிக் குழி தெரிகிறபடி பாறை பிளந்து கிடக்கிறது. கல்லுடைப்பவர்கள் பலர் இன்றும் அதே முறையில் கல் பிளக்கிறார்கள். இப்போது சாய்ப்புக்காக நாம் செய்வதைப் பாருங்கள். சுவரின் ஒரே வரிசையில், ஒரே மட்டத்தில், சம இடைவெளியில் துளை போடுகிறோம். ஒவ்வொரு துளைக்குள்ளும் விரியும் இரும்பை இறக்கி முறுக்குகிறோம். கல்லைப் பிளக்கக் கண்டுபிடித்த வேலையைக் கல்லின் மேல் ஷெட் நிறுத்தச் செய்கிறோம்.

மூன்றாவது, துரு. செங்கல்பட்டு டவுனில் பத்து வருஷம் நிற்கும் இரும்பு மாமல்லபுரத்தில் அதில் பாதிகூட நிற்பதில்லை. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. வெளியே தெரியும் பைப்புக்கு பிரைமரும் பெயின்டும் அடிக்கலாம். துளைக்குள் இருக்கும் போல்ட்டுக்கு யார் அடிப்பது? துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். முறுக்கிய நாளில் பிளக்காத கல்லை அந்தத் துரு ஏழெட்டு வருஷத்தில் பிளக்கும். சதுரங்கப்பட்டினத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய கொல்லைச் சுவரில் யாரோ போட்ட சாய்ப்பைக் கழற்றும் வேலை எனக்கு வந்தது. பேஸ் பிளேட்டை எடுத்ததும் போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கல் செதில் செதிலாகக் கையோடு வந்தது. உள்ளே காபித்தூள் நிறத்தில் ஈரத் துரு. துளையிலிருந்து மேல்விளிம்பு வரை ஒரு விரிசல், அதற்குள் உடைந்த தீக்குச்சியைச் சொருகினால் நுழைந்தது. அந்தக் கல்லைத் திரும்ப முழுசாக்க எந்தக் கொத்தனாராலும் முடியாது.

உப்பு கல்லை என்ன செய்யும் என்பதை மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய அந்தக் கோயிலைக் காக்க அலைத்தடுப்புக் கற்கள் போட்டார்கள், காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டார்கள். கல்லுக்குள் ஏறிய உப்பை எடுக்கத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு காகிதக் கூழைத் தண்ணீரில் குழைத்துக் கல்லின் மேல் அப்பி, உப்பை அது உறிஞ்சிக் காய்ந்த பிறகு உரித்தெடுக்கிறது. ஒரு கோயிலின் கல்லை இவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்கிற ஊரில், அதே உப்புக்காற்றில் நிற்கும் மற்ற சுவர்களில் நாம் இரும்பைச் சொருகுகிறோம்.

நான்காவது, சிமென்ட். சாய்ப்பும் சுவரும் சேரும் இடத்தில் மழைத்தண்ணீர் ஒழுகாமலிருக்க ஷீட்டின் தலையோரம் சிமென்ட் கலவையை அப்பிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். வெயிலில் ஷீட் நீளும், இரவில் சுருங்கும். சிமென்ட் நீளாது. முதல் கோடையிலேயே கீறல் விடும். அந்தக் கீறல் வழியாக இறங்கும் தண்ணீர் சுவருக்குள் போகும். சுண்ணாம்புக் காரை உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதைப் பூட்டிவைக்கும். வெளியே வர வழியில்லாத ஈரம் உப்பையும் இழுத்துக்கொண்டு கல்லின் முகத்தையும் பழைய காரையையும் தின்னும். கடப்பாக்கம் பக்கத்தில் கடலோரமாக நிற்கிற ஆலம்பறைக் கோட்டையைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. 1760-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள், 2004-ல் சுனாமி இடித்தது. அவ்வளவுக்குப் பிறகும் மிச்சம் இருக்கும் சுவர் நிற்கிறது. சுண்ணாம்பின் பொறுமை அது.

அப்படியானால் பழைய சுவர் ஓரமாக ஷெட்டே போடக் கூடாதா? போடலாம். எங்கள் பட்டறையில் நாங்கள் போடும் முறையைச் சொல்கிறேன்.

பின்பக்கமும் தூண் வையுங்கள். இருபதுக்குப் பத்து ஷெட் என்றால் முன்னால் மூன்று, பின்னால் மூன்று, மொத்தம் ஆறு தூண். ஒவ்வொன்றுக்கும் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் கான்கிரீட். ஒரு குழியின் கான்கிரீட் மட்டும் 500 கிலோவைத் தாண்டும். ஆறும் சேர்ந்தால் மூன்று டன்னுக்கு மேல். மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றின் தூக்கும் விசையைவிட அது அதிகம். தூணுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பிலும், குறுக்குப் பைப்பான பர்லினை ஷீட்டோடு சேர்க்கும் ஸ்க்ரூவிலும் கஞ்சத்தனம் கூடாது. இவற்றில் ஒன்று விட்டாலும் மற்றதெல்லாம் வீண்.

பின்வரிசைக் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள். பழைய சுவர்களின் கடைக்கால் ஆழம் குறைவு. பக்கத்தில் குழி பறித்தால் அடிமண் சரிந்து சுவர் சாய்ந்துவிடும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளிக் குழி எடுங்கள். அங்கிருந்து பைப்பைச் சுவர் பக்கம் நீட்டி ஒரு ஜான் இடைவெளியில் நிறுத்துங்கள். ஷீட் சுவரைத் தொடவே வேண்டாம். காற்றில் ஷெட் ஆடினாலும் சுவரில் இடிக்காது.

வாட்டம் எப்போதும் சுவரைவிட்டு வெளிப்பக்கம் போகட்டும். பத்தடிக்கு ஒரு அடியாவது வாட்டம் வேண்டும். கீழ்விளிம்பில் கட்டர் வைத்துத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டு போய் விடுங்கள். ஷீட் தண்ணீர் சுவரின் காலில் விழுந்தால் கடைக்கால் மண் கரையும்.

அந்த ஒரு ஜான் இடைவெளியில் மழை இறங்காதா என்று கேட்பார்கள். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய சுவராக இருந்தால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் மட்டப் பொருத்தில் பொடிந்த காரையை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்து, மெல்லிய அலுமினியத் தகட்டின் விளிம்பை அதற்குள் சொருகி, சுண்ணாம்புக் காரையால் மூடிவிடலாம். தகட்டின் மறுவிளிம்பு ஷீட்டின் மேல் சும்மா படுத்திருக்கட்டும், ஸ்க்ரூ வேண்டாம். நாளைக்கு ஷெட்டைப் பிரித்தால் தகட்டை உருவிவிட்டுப் பொருத்தைத் திரும்ப அடைத்துவிடலாம், கல்லில் ஒரு தழும்பும் இருக்காது. காரையே இல்லாமல் கல்லோடு கல் பொருந்தி நிற்கும் சுவராக இருந்தால் அதையும் செய்ய வேண்டாம். இடைவெளியைத் திறந்தே விட்டு, தரையில் வெளிப்பக்க வாட்டத்தோடு கல் பாவிவிடுங்கள். ஒரு ஜான் அகலத்துக்கு நாலு துளி மழை விழுவதால் எந்த மாடும் நனைந்துவிடாது.

கூடுதல் செலவு என்ன? மூன்று தூண், மூன்று குழி கான்கிரீட், அரை நாள் கூலி. சரிந்த சுவரைத் திரும்பக் கட்டும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கருங்கல் வேலை தெரிந்த, சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே இன்று தனிப் பாடு.

இது புதுமையான யோசனையும் இல்லை. திருவிழாவுக்குக் கோயில் வாசலில் போடும் பந்தல் காலங்காலமாகச் சவுக்குக் கழியில் தன் காலில்தான் நிற்கிறது. பந்தக்கால் நட்ட பிறகுதான் மற்ற வேலையே தொடங்குகிறது. கோபுரத்தின் உடம்பில் முளை அடித்து யாரும் பந்தல் கட்டியதில்லை. தென்னங்கீற்றுக்குத் தெரிந்த ஒழுங்கு தகர ஷீட்டுக்கு மட்டும் எப்படி மறந்துபோயிற்று?

மறந்த இடங்களில் எனக்கு அதிகம் வலிப்பது கோயில்கள். அன்னதானத்துக்கு, காலணி வைக்க, வரிசையில் நிற்கும் பக்தர்களுக்கு நிழலுக்கு என்று மதிலை ஒட்டிச் சாய்ப்பு போடுகிறார்கள். தேவை நியாயமானது. வெயிலில் நிற்கும் வயதானவர்களுக்கு நிழல் வேண்டும்தான். கொடுப்பவர் மனசும் நல்ல மனசு, உபயம் என்று பெயர் எழுதிப் பக்தியோடு கொடுக்கிறார். ஆனால் அந்தப் பக்தி மதிலில் துளையாக இறங்குகிறது. திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டு ஒன்று, கந்தசிஷ்யன் என்ற பல்லவ அரசன் எங்கள் ஊர்க் கோயிலுக்குத் தானம் கொடுத்ததையும் வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அதை அப்படியே காத்ததையும் சொல்லி, முதலாம் ஆதித்த சோழன் அந்தத் தானத்தைப் புதுப்பித்ததைப் பதிவுசெய்கிறது. ஒரு ஊரின் சொத்துப் பத்திரம் கல்லில் எழுதியிருக்கிறது. எந்தக் கல்லில் எழுத்து இருக்கிறது, எது வெறும் கல் என்று ட்ரில் மெஷினுக்குத் தெரியாது. பல சுவர்களில் வெள்ளை அடித்து அடித்து, மெஷினைப் பிடிப்பவனுக்கும் தெரிவதில்லை.

துளை மட்டுமல்ல, தீயும் கல்லுக்கு எதிரி. கல் மண்டபத்தை ஒட்டியும் அதற்குள்ளும் கடை வைத்தால் என்ன ஆகும் என்று 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் தமிழ்நாடே பார்த்தது. வீரவசந்தராயர் மண்டபத்தில் பிடித்த தீயில் கடைகள் மட்டுமா போயின? கல்தூண்கள் வெடித்தன, கூரைக் கற்கள் விழுந்தன. சாய்ப்புக்கு அடியில் அடுப்பு எரிக்கிறவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும். சூட்டில் கருங்கல்லும் வெடிக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாடிக்கையாளர் பலருக்கு இது தெரிவதில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் முன் அனுமதி வேண்டும். 1958-ம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தம் இது. இருக்கும் கட்டடத்தைப் பக்கவாட்டில் நீட்டுவதும் கட்டுமானம் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாமல்லபுரத்திலும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைச் சுற்றியும் வீடு, கடை வைத்திருப்பவர்கள் ஷீட்டுக்கு அளவெடுக்கும் முன் இந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்பில் வராத சுவர்கள்தான் அதிகம். கிராமத்துச் சிவன் கோயில் மதிலுக்கும் பாழடைந்த சத்திரத்துக்கும் பாட்டன் கட்டிய கொல்லைச் சுவருக்கும் 100 மீட்டர் காவல் கிடையாது. அவற்றைக் காப்பது அந்தச் சுவரின் சொந்தக்காரரும் அதில் கை வைக்கும் என்னைப் போன்ற தொழிலாளியும் மட்டும்தான். ஆகவே கேட்டுக்கொள்கிறேன்.

அறநிலையத் துறை அதிகாரிகளே, அறங்காவலர்களே, திருப்பணிக்கு வல்லுநர்களின் ஒப்புதல் கேட்கிறீர்கள். மதிலோரம் போடும் ஷெட்டையும் சின்ன வேலை என்று விட்டுவிடாமல் அதே கண்ணோடு பாருங்கள். “கல்லில் துளை போடக் கூடாது” என்று ஒரு வரியை ஒவ்வொரு வேலை உத்தரவிலும் சேருங்கள். உபயதாரர்களே, ஷெட் கொடுங்கள், அதன் பின்தூணையும் சேர்த்துக் கொடுங்கள். பட்டறை வைத்திருக்கும் தம்பிகளே, வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக ஆங்கரை எடுக்காதீர்கள். இது ஏன் கூடாது என்று பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மழைக்கு முன் பழைய சுவர் ஓரமாக ஷெட் போடப் போகிறவர்கள், ஆறு தூணுக்கும் சேர்த்து விலை கேளுங்கள். நாலு போல்ட்டில் முடித்துத் தருகிறேன் என்று குறைத்துச் சொல்பவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.